'நோய் கட்டுக்குள் இருக்கு'... ஆனா வாழ்க்கை? பைபோலார் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை பிரெஞ்சு மொழியில் அளப்பது எப்படி?

"இப்ப எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்கிறார்.

"பரவாயில்லை டாக்டர்" என்று பதில் வருகிறது. மாத்திரைச் சீட்டு எழுதப்படுகிறது. அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து.

அந்த 'பரவாயில்லை'க்கு உள்ளே என்னென்ன இருக்கு? தூக்கம் எப்படி? கையில் காசு இருக்கா? நண்பர்கள் இன்னும் பேசுறாங்களா? வீட்டில் மரியாதை இருக்கா? இதையெல்லாம் கேட்டு, எண்ணாக மாற்றி, போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா?

முடியும் என்கிறது மனநல ஆய்வுத் துறை. ஆனால் ஒரு சிக்கல். இந்த அளவுகோல்களில் பல ஆங்கிலத்தில் பிறந்தவை. பிரெஞ்சு பேசுகிறவரிடம் அதே கேள்வியைக் கேட்டால், அதே விஷயத்தைத்தான் அளக்கிறோமா? விளக்கமாகப் பார்க்கலாம்.

முதலில், பைபோலார் என்றால் என்ன?

மனநிலை இரண்டு எல்லைகளுக்கும் போய் வருவதுதான் பைபோலார் பாதிப்பு. தமிழில் 'இருதுருவ மனநோய்' என்றும் சொல்கிறோம்.

ஒரு எல்லை 'மேனியா'. தூக்கம் தேவைப்படாது, பேச்சு நிற்காது, உலகத்தையே வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை வரும், பணம் தண்ணீராகச் செலவாகும். இதன் லேசான வடிவத்துக்கு 'ஹைப்போமேனியா' என்று பெயர். இன்னொரு எல்லை மனச்சோர்வு, அதாவது டிப்ரெஷன். எழுந்து பல் துலக்குவதே பெரிய வேலையாகத் தெரியும்.

2019-ல் உலகம் முழுவதும் சுமார் 4 கோடி பேர் இந்தப் பாதிப்புடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருந்தது.

இந்த நோயின் வரலாற்றில் பிரான்ஸுக்கு முக்கிய இடம் உண்டு. 1854-ல் பாரிஸில் ழான்-பியர் ஃபால்ரே, ஜூல் பையார்ஜே என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த நோயைத் தனித்தனியாக விவரித்தார்கள். ஒருவர் 'வட்டமாகச் சுற்றி வரும் பைத்தியம்' என்றார். மற்றவர் 'இரட்டை வடிவப் பைத்தியம்' என்றார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரண்டு பேருக்கும் சண்டையே நடந்தது.

ஆக, இந்த நோய்க்கு முதலில் பெயர் வைத்த மொழிகளில் ஒன்று பிரெஞ்சு. ஆனால் அதோடு வாழ்கிறவர்களின் வாழ்க்கையை அளக்க உருவான முக்கியமான கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான் வந்தது.

அறிகுறியை அளந்தால் போதாதா?

இத்தனை வருஷமாக அதைத்தான் செய்தார்கள். மேனியாவை அளக்க 1978-ல் வந்த 'யங் மேனியா அளவுகோல்' இருக்கிறது, 11 கேள்விகள். மனச்சோர்வை அளக்க 1979-ல் வந்த 'மாண்ட்கோமரி-ஆஸ்பெர்க் அளவுகோல்' இருக்கிறது, 10 கேள்விகள். இரண்டையும் போடுவது நோயாளி இல்லை, மருத்துவர். மதிப்பெண் குறைந்தால் 'நோய் கட்டுக்குள் வந்துவிட்டது' என்று பொருள்.

இங்கேதான் பிரச்னை. ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம்.

பிரான்ஸின் லியோன் நகரத்தில் 38 வயது ஆசிரியை ஒருவர். ஒன்றரை வருஷத்துக்கு முன் மேனியா வந்து மருத்துவமனையில் இருந்தார். இப்போது லித்தியம் எடுத்துக்கொள்கிறார். மேனியா மதிப்பெண், மனச்சோர்வு மதிப்பெண் இரண்டுமே கிட்டத்தட்ட பூஜ்யம். காகிதத்தில் அவர் குணமானவர்.

ஆனால் மாத்திரையால் கை லேசாக நடுங்குகிறது, கரும்பலகையில் எழுதக் கூச்சம். மேனியா நேரத்தில் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. அப்போது திட்டித் தீர்த்த தோழி இன்றுவரை போன் எடுப்பதில்லை. கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலே 'மாத்திரை போட்டியா?' என்று கணவர் கேட்கிறார். 'நான் சந்தோஷமா இருக்கேனா, இல்ல நோய் திரும்ப வருதா?' என்று அவருக்கே சந்தேகம்.

இது எதுவும் அந்த 21 கேள்விகளில் வராது. அளவுகோலில் வராத கஷ்டத்துக்கு சிகிச்சைத் திட்டத்திலும் இடம் கிடைக்காது. இவருக்குக் கடன் ஆலோசனை வேணுமா, குடும்ப ஆலோசனை வேணுமா, மாத்திரையின் அளவை மாற்றணுமா என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். ஏன்னா, 'நோயாளி நலம்' என்று கோப்பு மூடியாச்சு.

அறிகுறிகளும் முழுசாக விலகிவிடுவதில்லை. அமெரிக்காவில் கடுமையான வகை பைபோலார் உள்ள 146 பேரை சராசரியாக 13 ஆண்டுகள் வரை வாரக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2002-ல் வெளியானது. அதன்படி, 100 வாரத்தில் சுமார் 47 வாரம் ஏதோ ஒரு அறிகுறி இருந்தது. அதில் மேனியாவைவிட மனச்சோர்வு மூன்று மடங்குக்கும் அதிகம். வெளியில் தெரிகிற கொந்தளிப்பைவிட, சத்தமில்லாத சோர்வுதான் நீண்ட காலம் தங்குகிறது.

'வாழ்க்கைத் தரம்' என்றால் காசு, பணமா?

இல்லை. ஒருவர் வாழும் பண்பாடு, மதிப்பீடுகள், அவருடைய இலக்குகள், எதிர்பார்ப்புகள், கவலைகள், இதையெல்லாம் வைத்து தன் வாழ்க்கையை அவரே எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் வாழ்க்கைத் தரம். இது உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வகுத்த வரையறையின் சாரம்.

இதில் 'அவரே' என்ற சொல்தான் முக்கியம். டாக்டர் பார்வையோ மனைவி பார்வையோ இல்லை.

இதையும் 'செயல்திறன்' என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேலைக்குப் போகிறாரா, வீட்டைப் பார்த்துக்கொள்கிறாரா என்று பார்ப்பது செயல்திறன். அதற்கு 2007-ல் பார்சிலோனாவில் உருவான 'ஃபாஸ்ட்' என்ற 24 கேள்வி அளவுகோல் உண்டு. தினமும் வேலைக்குப் போகிற ஒருவர் உள்ளுக்குள் வெறுமையாக இருக்கலாம். வேலையே இல்லாத ஒருவர் நிறைவாகவும் இருக்கலாம். இரண்டும் வேற வேற.

பைபோலாருக்கு என்றே தனி அளவுகோல் எதற்கு?

பொதுவான அளவுகோல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 36 கேள்விகள் கொண்ட 'எஸ்எஃப்-36' 1992-ல் அமெரிக்காவில் வந்தது. அதன் பிரெஞ்சு வடிவமும் 1998-லேயே வெளியானது. ஆனால் அது மூட்டுவலிக்காரருக்கும் கேட்கும், இதய நோயாளிக்கும் கேட்கும். மாடிப்படி ஏற முடிகிறதா என்று விசாரிக்கும். பைபோலார் உள்ள இளைஞர் நாலு மாடியும் ஏறிவிடுவார். அவருடைய பிரச்னை அங்கே இல்லையே!

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 'கியூஓஎல்.பிடி'. கனடாவின் வான்கூவரை மையமாகக் கொண்ட 'கிரெஸ்ட்.பிடி' ஆய்வுக் குழுவைச் சேர்ந்த எரின் மிக்கலக், ஆஸ்திரேலியாவின் கிரெக் முர்ரே இருவரும் 2010-ல் இதை வெளியிட்டார்கள். ஆய்வாளர்கள் அறைக்குள் உட்கார்ந்து மட்டும் எழுதிய கேள்விகள் இல்லை இவை. பைபோலாருடன் வாழ்கிறவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்கள், மருத்துவர்கள் எல்லோரிடமும் பேசி எடுத்தவை.

முழு வடிவத்தில் 56 கேள்விகள். உடல்நிலை, தூக்கம், மனநிலை, சிந்தனைத் திறன், ஓய்வுநேரம், உறவுகள், ஆன்மிகம், பணம், வீட்டு நிர்வாகம், சுயமரியாதை, சுதந்திரம், 'நான் யார்' என்ற அடையாள உணர்வு என 12 பகுதிகள். வேலை, படிப்பு என்ற இரண்டு பகுதிகள் பொருந்துகிறவர்களுக்கு மட்டும்.

சுருக்க வடிவத்தில் பகுதிக்கு ஒன்றாக 12 கேள்விகள். கடந்த 7 நாட்களை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆக, குறைந்தது 12, அதிகபட்சம் 60.

அந்த ஆசிரியைக்குத் திரும்புவோம். மொத்தம் 36 வருகிறது என்று வையுங்கள். தூக்கம் 5, மனநிலை 4. ஆனால் பணம் 1, அடையாள உணர்வு 1. இப்போது டாக்டருக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் இந்தக் கேள்வித்தாளின் வேலை.

சரி, பிரெஞ்சில் மொழிபெயர்த்தால் முடிந்ததா?

பிரான்ஸ், கனடாவின் கியூபெக், பெல்ஜியத்தின் ஒரு பகுதி, சுவிட்சர்லாந்தின் மேற்குப் பகுதி, ஆப்பிரிக்காவின் பல நாடுகள் என்று உலகில் 30 கோடிக்கும் அதிகமானோர் பிரெஞ்சு பேசுகிறார்கள். ஆனால் ஆங்கிலக் கேள்வியை அப்படியே பிரெஞ்சில் எழுதினால் எங்கெல்லாம் இடறும் தெரியுமா?

1. ஒரே சொல், இரண்டு பொருள்: 'அசே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் 'போதுமான அளவு' என்றும் பொருள் உண்டு, 'ஓரளவு' என்றும் பொருள் உண்டு. பதில் கட்டத்தில் இந்தச் சொல் இருந்தால், ஒருவர் 'போதும்' என்று நினைத்து டிக் அடிப்பார், இன்னொருவர் 'சுமார்தான்' என்று நினைத்து அடிப்பார். மதிப்பெண் ஒன்று, அர்த்தம் ரெண்டு.

2. ஆன்மிகம்: 'ஸ்பிரித்துவெல்' என்றால் ஆன்மிகம் சார்ந்தவர். ஆனால் சாதாரணப் பேச்சில் அதே சொல் 'நகைச்சுவையாகப் பேசுகிறவர்' என்பதையும் குறிக்கும். போதாததற்கு, மதத்தைப் பொதுவெளியில் இருந்து விலக்கி வைக்கும் கொள்கை பிரான்ஸில் அழுத்தமாக உண்டு. மருத்துவமனைக் காகிதத்தில் ஆன்மிகம் பற்றிக் கேட்டால், 'இதை எதுக்குக் கேக்குறாங்க?' என்று சிலர் முகம் சுளிக்க வாய்ப்பு இருக்கிறது.

3. ஆண், பெண் விகுதி: 'மகிழ்ச்சியா இருந்தேன்' என்று தமிழில் ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். பிரெஞ்சில் அப்படி இல்லை. 'மகிழ்ச்சியான' என்ற சொல்லே ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி முடியும். கேள்வியை ஆண் வடிவத்தில் மட்டும் அச்சடித்தால், படிக்கிற பெண்ணுக்கு அது தன்னைப் பற்றிய வாக்கியமாகவே ஒட்டாது.

4. எந்த ஊர் பிரெஞ்சு?: 'தினே' என்றால் பாரிஸில் இரவுச் சாப்பாடு. கியூபெக்கில் மதியச் சாப்பாடு. வார இறுதியைக் குறிக்க பிரான்ஸில் ஆங்கிலச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள், கியூபெக்கில் அதற்குப் பிரெஞ்சுச் சொல். செனகல் மாதிரி நாடுகளில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, வீட்டில் வோலோஃப். அழுகையும் ஆத்திரமும் எந்த மொழியில் வரும்? அதனால் பாரிஸில் சோதித்த கேள்வித்தாளை அப்படியே டக்காருக்கு எடுத்துப்போக முடியாது.

5. சட்டம் வேற, வாழ்க்கை வேற: பிரான்ஸில் தன் பணத்தைத் தானே நிர்வகிக்க முடியாத நிலையில் இருப்பவருக்கு நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமிக்க முடியும். அதில் ஒரு வகை 'பலப்படுத்தப்பட்ட குராத்தெல்'. சம்பளமோ உதவித்தொகையோ அந்தப் பொறுப்பாளர் நிர்வகிக்கும் கணக்குக்குப் போகும். அவர் வாடகை, பில் எல்லாம் கட்டிவிட்டு மீதியைத் தருவார். இப்படி வாழ்கிற ஒருவரிடம் 'கூடுதல் செலவுக்குக் காசு இருந்ததா?' என்று கேட்டால், அவர் வறுமையைச் சொல்கிறாரா, சுதந்திரம் போனதைச் சொல்கிறாரா? பதிலைப் படிக்கிறவருக்கு அந்த நாட்டு நடைமுறை தெரிந்திருக்கணும்.

அப்போ எப்படித்தான் செய்கிறார்கள்?

இதற்கென்று ஒழுங்கான படிகள் இருக்கின்றன.

* இரண்டு பேர் தனித்தனியாகப் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவார்கள்.

* மூலத்தையே பார்க்காத இன்னொருவர் அந்தப் பிரெஞ்சை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். போனதும் வந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். எங்கே வேறுபடுகிறதோ அங்கே சிக்கல்.

* மருத்துவர்கள், மொழி தெரிந்தவர்கள், மூல அளவுகோலை உருவாக்கியவர்கள் சேர்ந்து பேசுவார்கள்.

* பைபோலார் உள்ள சிலரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்து, 'இது என்ன கேக்குதுன்னு நீங்க நினைக்கிறீங்க?' என்று விசாரிப்பார்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிடிபடும்.

* கடைசியில், நிறையப் பேரிடம் கொடுத்து எண்களைச் சோதிப்பார்கள்.

எண்களில் என்ன சோதனை?

மூன்று கேள்விகள்தான்.

ஒன்று, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா? தூக்கம் பற்றிய நான்கு கேள்விகளில் மூன்றுக்கு ஒரு மாதிரி, நாலாவதுக்கு நேர்மாறாக எல்லோரும் பதில் சொன்னால் அந்த நாலாவதில் கோளாறு. இதைக் கணக்கிட 'க்ரோன்பாக் ஆல்ஃபா' என்ற எண் உண்டு. பொதுவாக 0.70-க்கு மேல் இருந்தால் ஏற்கத்தக்கது.

இரண்டு, நம்பலாமா? மனநிலை மாறாத ஒருவரிடம் சில நாள் கழித்து மறுபடி கொடுத்தால் ஏறக்குறைய அதே மதிப்பெண் வரணும். காலையில் 60 கிலோ, சாயங்காலம் 75 கிலோ காட்டுகிற எடை மெஷினை யாராவது நம்புவோமா?

மூன்று, அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா? மனச்சோர்வு கூடக்கூட வாழ்க்கைத் தர மதிப்பெண் குறையணும். ஆனால் இரண்டும் நூல் பிடித்த மாதிரி ஒன்றாகவே போகக் கூடாது. அப்படிப் போனால் மனச்சோர்வையே வேறு பெயரில் மறுபடி அளந்திருக்கிறோம் என்றாகிவிடும்.

இந்த அளவுகோலை ஏற்கெனவே சிலியில் ஸ்பானிய மொழியிலும், ஈரானில் பாரசீக மொழியிலும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள்.

மேனியாவில் இருப்பவர் 'சூப்பர்' என்று சொன்னால்?

நல்ல கேள்வி. ஹைப்போமேனியாவில் இருக்கும் ஒருவர் எல்லாவற்றுக்கும் 5 போடலாம். 'என் வாழ்க்கை மாதிரி யாருக்கும் இல்ல' என்பார். அடுத்த வாரம் வங்கிக் கணக்கு காலியாகியிருக்கும். மனச்சோர்வில் இருப்பவரோ நல்லது நடந்ததையும் மறந்து 1 போடலாம்.

அப்போ இந்த அளவே பொய்யா? இல்லை. அவர் அந்த நேரத்தில் உணர்ந்தது உண்மைதான். அதனால்தான் ஒரே ஒரு மதிப்பெண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. மனநிலை அளவுகோலையும் கூடவே போடணும். முடிந்தவரை மனநிலை சமமாக இருக்கும்போது ஒரு அடிப்படை மதிப்பெண் எடுத்து வைத்துக்கொள்ளணும். பிறகு மாதாமாதம் அந்த நபரை அவரோடுதான் ஒப்பிடணும், பக்கத்து நோயாளியோடு இல்லை.

இன்னொரு விஷயம். திடீரென்று மதிப்பெண் எகிறினால் அதுவும் ஒரு எச்சரிக்கையாக இருக்கலாம்.

இதனால் யாருக்கு என்ன லாபம்?

ஒரு மருந்தோ உளவியல் சிகிச்சையோ பலன் தருகிறதா என்று பல நாடுகளில் ஆய்வு நடக்கும்போது, சோதித்துப் பார்த்த பிரெஞ்சுக் கேள்வித்தாள் இல்லையென்றால் என்ன ஆகும்? பிரெஞ்சு பேசுகிறவர்களை விட்டுவிடுவார்கள். அல்லது அரைகுறை மொழிபெயர்ப்பில் கேட்டுத் தவறான எண்ணை எடுப்பார்கள். இரண்டிலும் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

பிரான்ஸில் 2007-ல் தொடங்கப்பட்ட 'ஃபோந்தாமாந்தால்' அறக்கட்டளையின் வலையமைப்பில், பைபோலாருக்கு என்றே சிறப்பு மையங்கள் இயங்குகின்றன. அங்கே நோயாளியை விரிவாகப் பரிசோதித்து, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவருக்குப் பரிந்துரை அனுப்புகிறார்கள். பிரான்ஸின் மருத்துவக் காப்பீட்டில் நீண்டகால மனநலப் பாதிப்புகளுக்கு முழுச் செலவையும் ஏற்கும் பிரிவும் உண்டு. சிகிச்சைக்கு வழி இருக்கு. அந்த சிகிச்சை வாழ்க்கையை மாற்றியதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த அளவுகோல்.

சென்னைக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. 1990-களில் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாட்டுக்கும் பொதுவான வாழ்க்கைத் தர அளவுகோலை உருவாக்க நினைத்தது. ஒரு மொழியில் எழுதி மற்ற மொழிக்கு மாற்றுவதற்குப் பதிலாக, உலகின் 15 மையங்களில் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கினார்கள். அதில் பாரிஸும் இருந்தது, அன்றைய மெட்ராஸும் இருந்தது! அந்தந்த ஊர் மக்களிடம் 'நல்ல வாழ்க்கைன்னா என்ன?' என்று கேட்டுத்தான் கேள்விகளைச் சேர்த்தார்கள். அதன் 26 கேள்வி சுருக்க வடிவம் உலகம் முழுவதும் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

பைபோலார் அளவுகோலைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோகும்போது எழும் கேள்விகள் தமிழுக்கும் அப்படியே பொருந்தும். 'சுயமரியாதை' என்ற சொல் தமிழ்நாட்டில் உளவியலை மட்டுமா நினைவுபடுத்தும்? 'சுதந்திரமா வெளியே போய் வர முடியுதா?' என்று கேட்டால், நோயால் முடியவில்லை என்று சொல்வாரா, வீட்டில் விடவில்லை என்று சொல்வாரா?

நீங்கள் கவனிக்க வேண்டியது

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ பைபோலார் இருந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது 'பரவாயில்லை' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தூக்கம், பணம், உறவு, வேலை, தன்னம்பிக்கை, இதில் எது சரியில்லை என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரையால் வரும் தொந்தரவையும் சொல்லுங்கள். 'நல்லா இருக்கேனே' என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்த வேண்டாம். வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள் நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மனநல ஆலோசனை தேவைப்பட்டால் மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.